பிஸ்துராவின் சாணக் கற்கள்: டைனோசர்கள் தின்றதை அறியும் வழிகள்

நெல் வயலில் இறங்கிக் களை பறித்தவர்களுக்குத் தெரியும், பயிரின் இலை பார்க்க மெல்லியதாக இருந்தாலும் அதன் விளிம்பு கையைக் கீறிவிடும். காரணம் சிலிக்கா. புல் இனத் தாவரங்கள் வேர் வழியே நீரோடு சிலிக்காவையும் உறிஞ்சி, அதை இலைச் செல்களுக்குள் கண்ணாடி போன்ற நுண்துகள்களாகப் படியவைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு துகளும் தான் உருவான செல்லின் வடிவத்தையே அச்சாக எடுத்துக்கொள்வதால், அது புல்லிலிருந்து வந்ததா, பனையிலிருந்து வந்ததா, புல்லிலும் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதைத் துகளின் வடிவத்தை வைத்தே பல நேரங்களில் நிபுணர்களால் கூற முடிகிறது. இலை அழுகிப்போனாலும், தீயில் எரிந்தாலும், மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சாணமாக வெளியே வந்தாலும் இத்துகள்கள் பெரும்பாலும் அப்படியே மிஞ்சும். பைட்டோலித் எனப்படும் இவைதான், இந்திய மண்ணில் வாழ்ந்த டைனோசர்களின் உணவைப் பற்றிய மிகத் தெளிவான சாட்சியத்தைத் தந்திருக்கின்றன.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், வரோராவுக்கு அருகே பிஸ்துரா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள நிலத்தில் லமேட்டா எனப்படும் படிவுப் பாறைகள் வெளியே தெரிகின்றன. டைனோசர்களின் காலம் முடிவதற்குச் சற்று முன்பு, கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசியில் படிந்தவை அவை. அங்கே டைட்டனோசர் எனப்படும் நீண்ட கழுத்துடைய பெரும் டைனோசர்களின் எலும்புகளோடு, கல்லாகிப்போன சாணக் கட்டிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. சார்லஸ் ஆல்ஃபிரட் மேட்லி என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் இவற்றைச் சேகரித்து 1939-இல் விவரித்தார். அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த வந்தனா பிரசாத், ஸ்வீடனைச் சேர்ந்த கரோலின் ஸ்ட்ரோம்பெர்க், அசோக் சாஹ்னி உள்ளிட்டோர் அந்தச் சாணக் கற்களை உடைத்து உள்ளே தேடினார்கள். 2005 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அவர்களது கட்டுரை, இன்று வாழும் புல் வகைகளின் கிளைகளைச் சேர்ந்த குறைந்தது ஐந்து விதப் புற்கள் அந்தச் சாணத்தில் இருந்தன என்று கூறியது.

இது ஏன் அவ்வளவு பெரிய செய்தியானது என்பதைப் புரிந்துகொள்ள, அதுவரை இருந்த நம்பிக்கையை நினைவில் கொள்ள வேண்டும். டைனோசர்கள் அழிந்த பிறகே புல் பரவியது என்று கருதப்பட்டதால், அருங்காட்சியகங்களில் டைனோசர் காட்சிகளை அமைப்பவர்கள் தரையில் புல் வைக்காமல் கவனமாகத் தவிர்த்து வந்தார்கள். ஒரு விலங்கின் கழிவு, அந்தக் காட்சியின் தரையையே மாற்றிவிட்டது. ஆயினும் இந்த முடிவு எந்த அளவுக்கு உறுதியானது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை காண வேண்டுமானால், உணவைப் பற்றிப் பேசும் மற்ற சாட்சியங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரு விலங்கால் எதைத் தின்ன முடியும் என்பது வேறு, குறிப்பிட்ட ஒரு நாளில் அது எதைத் தின்றது என்பது வேறு, வாழ்நாளெல்லாம் வழக்கமாக எதைத் தின்று வளர்ந்தது என்பது வேறு. ஒன்றுக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்கு விடையாக எடுத்துக்கொள்வதுதான் இத்துறையில் நேர்ந்த பிழைகளில் பாதிக்கு மேல் என்பது என் கருத்து.

முதல் கேள்விக்கு விடை சொல்வது பல். டைனோசர் என்ற சொல்லே உருவாகாத 1820-களில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மருத்துவராக இருந்த கிடியன் மாண்டெல் சில விந்தையான பற்களை வைத்துக்கொண்டு குழம்பினார். அக்காலத்தின் மிகப் பெரிய உடற்கூறு அறிஞரான பிரான்சின் கூவியே முதலில் அவற்றைக் காண்டாமிருகப் பல் என்றே எண்ணினார். பின்னர் லண்டன் அறுவை மருத்துவர்கள் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் சாமுவேல் ஸ்டச்பரி என்பவர், தென்னமெரிக்கப் பச்சோணானான இகுவானாவின் பல்லும் இதே வடிவில் சிறிதாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இகுவானா இலை தின்னும் பிராணி. ஆகவே இந்தப் பெரும் பல்லுக்கு உரியதும் இலை தின்றிருக்க வேண்டும். 1825-இல் மாண்டெல் அதற்கு இகுவானோடான் என்று பெயரிட்டார். பற்களின் முனை தேய்ந்து மழுங்கியிருந்ததையும் அவர் கவனித்திருந்தார். பல்லி இனங்கள் மென்று தின்பதில்லை. இந்த விலங்கோ மென்றிருக்கிறது.

வடிவத்தைவிடத் தேய்மானமே அதிகம் பேசும் என்பது இன்றும் மாறவில்லை. வாத்தலகு டைனோசர்கள் என்று அழைக்கப்படும் ஹேட்ரோசர்களின் தாடையில் நூற்றுக்கணக்கான பற்கள் செங்கல் அடுக்கியதுபோல் நெருங்கி நின்று ஒரே அரைக்கும் தளமாக அமைந்திருந்தன. 2009-இல் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்மாண்டோசாரஸின் பல் பரப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது குழிகள் அரிதாகவும் கீறல்கள் மிகுதியாகவும் காணப்பட்டன. கெட்டியான கொட்டையையோ குச்சியையோ கடித்தால் குழி விழும். மணல் ஒட்டிய, அல்லது சிலிக்கா நிறைந்த தாழ்வான செடிகளை அரைத்தால் கீறல் விழும். ஆற்றோரத்தில் வளரும் குதிரைவால் செடி போன்றவை அதன் உணவாக இருந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். கீறல்களின் திசையோ, தாடை மேலும் கீழும் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் நகர்ந்ததைக் காட்டியது. ஆனால் இந்தக் கீறல்கள் ஒரு விலங்கின் வாழ்க்கை முழுவதையும் பதிவு செய்தவை அல்ல. பல் தேயத் தேயப் பழைய கீறல் அழிந்து புதியது விழும். இறப்பதற்குச் சற்று முந்தைய வேளைகளின் பதிவுதான் மிஞ்சும்.

பல்லின் உள்ளே இன்னொரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. பல் வளரும்போது அதன் உட்திசுவில் நாளொன்றுக்கு ஒரு மெல்லிய கோடு படிகிறது. முளைத்திருக்கும் பல்லின் கோடுகளையும் அதற்கு அடியில் காத்திருக்கும் அடுத்த பல்லின் கோடுகளையும் எண்ணிக் கழித்தால், ஒரு பல் எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றப்பட்டது என்று தெரியவரும். இந்த முறையில் 2013-இல் செய்யப்பட்ட ஆய்வு, டிப்ளோடோகஸ் ஏறத்தாழ 35 நாட்களுக்கு ஒரு முறையும், கமராசாரஸ் 62 நாட்களுக்கு ஒரு முறையும் ஒவ்வொரு இடத்திலும் புதுப் பல் போட்டன என்று கண்டது. இரண்டும் மேற்கு அமெரிக்காவில் ஒரே காலத்தில், ஒரே நிலத்தில் வாழ்ந்த பேருருவங்கள். பல் தேயும் வேகம் இப்படி வேறுபட்டதென்றால் அவை தின்றதும் ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அத்தனை பெரிய விலங்குகள் ஒன்றையொன்று பட்டினி போடாமல் எப்படிக் கூடி வாழ்ந்தன என்ற பழைய புதிருக்கு இது ஒரு விடையின் தொடக்கம்.

பல் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த பெரும் எலும்புகளை 1987-இல் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் விவரித்து, அந்த விலங்குக்குப் பெருத்த உடல் என்று பொருள்படும்படி புருஹத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயரிட்டார்கள். மேட்லியி என்பது பிஸ்துராவின் சாணக் கற்களை விவரித்த அதே மேட்லிக்குச் செய்த மரியாதை. பல்லோ மண்டையோடோ இல்லாத அந்த விலங்கை அவர்கள் முதலில் ஊனுண்ணி வரிசையில் வைத்தார்கள். 1990-களில் அது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்று எனக் கூறப்படும் ஒன்றின் உணவு, ஒரு பல் இல்லாத குறையால் இறைச்சியிலிருந்து இலைக்கு மாறியது. அந்த எலும்புகளும் பின்னர் சிதைந்து அழிந்துவிட்டதால் மறுபடி எடுத்துப் பார்க்கவும் வழியில்லை.

பல் ஊகத்துக்கு இடம் தருவது; வயிறு நேரடிச் சாட்சி. ஆனால் வயிற்றில் இருந்த உணவு கல்லாகி மிஞ்சுவது மிக அரிது. கிடைத்தவற்றுள் ஆகச் சிறந்தது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஃபோர்ட் மெக்மர்ரிக்கு அருகில் எண்ணெய் மணல் தோண்டும் சுரங்கமொன்றில் 2011-இல் வெளிப்பட்ட போரியலோபெல்டா. உடலெங்கும் கவசத் தகடுகள் கொண்ட, ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இந்த விலங்கின் தோலும் கவசமும் உறங்குவதுபோல் அப்படியே இருந்தன. பாறையிலிருந்து அதைப் பிரித்தெடுக்க மார்க் மிட்செல் என்ற வல்லுநர் ஏறத்தாழ 7,000 மணி நேரம் உழைத்தார். விலங்கின் முழுப்பெயரிலேயே அவர் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அதன் வயிற்றுப் பகுதியில் இருந்த உருண்டையை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உள்ளே இருந்ததில் 88 விழுக்காடு இலை. அந்த இலையிலும் ஏறக்குறைய எல்லாமே பெரணி. சைகஸ் வகை இலை மிகச் சிறிதளவு, ஊசியிலை மரத்தின் இலை பெயருக்குக் கொஞ்சம். அக்காலக் காடுகளில் ஊசியிலை மரங்களே நிறைந்திருந்தும் இந்த விலங்கு அவற்றை விட்டுவிட்டுப் பெரணியைத் தேடித் தின்றிருக்கிறது; பெரணியிலும் எல்லாவற்றையும் தொடவில்லை. கூடவே 6 விழுக்காடு கரித்துண்டுகள். காட்டுத்தீயில் கருகிய நிலத்தில் முதலில் தளிர்ப்பது பெரணி. மழைக்கு முன் மலைச்சரிவில் தீ வைத்து, பின்னர் முளைக்கும் பசும்புல்லில் மாடு மேய்ப்பவர்களுக்கு இதில் வியப்பு இராது. பெரணி இலையின் அடியிலுள்ள வித்துப் பைகள் முதிர்ந்திருந்த நிலையையும் குச்சிகளின் வளர்ச்சி வளையத்தையும் கொண்டு, அது இறந்தது வசந்தத்தின் முடிவுக்கும் கோடையின் நடுவுக்கும் இடைப்பட்ட நாளில் என்று வரையறுத்தார்கள். தின்ற சில மணி நேரத்துக்குள் இறந்திருக்கலாம்.

இதை நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போரியலோபெல்டா புதைந்தது கடலடிச் சேற்றில். பிணம் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டுக் கடலில் மூழ்கியிருக்கிறது. கடலடிச் சேற்றில் புதைந்த உடலுக்குள், மென்று நறுக்கப்பட்ட பெரணி இலை வெளியிலிருந்து கொத்தாக வந்து சேர வழியில்லை. இந்தக் கவனம் ஏன் வேண்டும் என்பதற்கு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள எட்மாண்டோசாரஸ் ‘மம்மி’ பாடம். அதன் உடற்குழியில் ஊசியிலைகளும் குச்சிகளும் விதைகளும் இருந்ததை 1922-இல் கிரவுசெல் விவரித்தபோது, அது விலங்கின் கடைசி உணவு என்று பலரும் ஏற்றார்கள். ஆனால் அழுகித் திறந்த பிணத்துக்குள் ஆற்று நீர் குப்பையை அடைத்திருக்கலாம் என்ற ஐயம் உடனே எழுந்தது, இன்றும் தீரவில்லை. ஆற்றுப் படுகையில் கிடந்த உடலுக்கும் கடலடியில் கிடந்த உடலுக்கும் இந்த வேறுபாடு இருக்கிறது.

நியூ மெக்சிகோவின் கோஸ்ட் ராஞ்சில் 1947-இல் தோண்டி எடுக்கப்பட்ட கோலோஃபைசிஸ் கூட்டத்தின் கதை இன்னும் கூர்மையானது. சில எலும்புக்கூடுகளின் விலா எலும்புகளுக்கு உள்ளே சிறு எலும்புகள் தெரிந்ததால், இவை தம் குட்டிகளையே தின்றன என்று பல பத்தாண்டுகள் எழுதப்பட்டு வந்தது. 2006-இல் நெஸ்பிட்டும் மற்றவர்களும் மறுபடி ஆராய்ந்தபோது, ஒன்றின் வயிற்றில் இருந்தவை குட்டி டைனோசரின் எலும்புகளே அல்ல, முதலையின் உறவினமான சிறு பிராணியின் எலும்புகள் என்று தெரிந்தது. மற்றொன்றிலோ குட்டியின் எலும்புகள் விலாவுக்கு உள்ளே இல்லை, அடியில் நசுங்கிக் கிடந்தன. தன் குஞ்சைத் தின்றது என்ற பழி ஒரு விலங்கின் மீது நெடுங்காலம் நின்றது.

சரியான வயிற்று உணவாகவே இருந்தாலும் அது ஒரு வேளைச் சாப்பாடுதான். சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த, காக்கை அளவே உள்ள நான்கு சிறகு கொண்ட மைக்ரோராப்டர் இதை நன்றாகக் காட்டுகிறது. 2011-இல் ஒன்றின் வயிற்றில் பறவை இருந்தது தெரிந்தபோது, இது மரத்தில் வேட்டையாடியது என்றார்கள். 2013-இல் இன்னொன்றின் வயிற்றில் மீன். 2019-இல் மூன்றாவதில் தலை முதலாக முழுசாக விழுங்கப்பட்ட பல்லி ஒன்று. அதுவரை அறியப்படாத இனமான அந்தப் பல்லிக்கு, விருத்திரனால் விழுங்கப்பட்ட இந்திரனின் கதையை நினைத்து இந்திரசாரஸ் என்று பெயரிட்டார்கள். 2022-இல் நான்காவதில் ஒரு பாலூட்டியின் கால். நான்கும் சேர்ந்தபோதுதான் அகப்பட்டதைத் தின்னும் விலங்கு இது என்று துணிந்து கூற முடிந்தது. முதல் சான்றோடு நின்றிருந்தால் மைக்ரோராப்டர் இன்றும் பறவை வேட்டைக்காரனாகவே பாடநூலில் இருந்திருக்கும்.

ஊனுண்ணிகளைப் பொறுத்தவரை இரையின் எலும்பும் பேசுகிறது. டைரனோசாரஸ் வேட்டையாடியதா, செத்ததைத் தின்றதா என்ற சண்டை நெடுநாள் நடந்தது. எலும்பில் பல் தடம் இருப்பதால் மட்டும் அது முடியாது. பிணத்தைக் கடித்தாலும் அதே தடம்தான் விழும். 2013-இல் விவரிக்கப்பட்ட ஒரு ஹேட்ரோசரின் வால் எலும்புகளுக்கு இடையே டைரனோசாரஸின் உடைந்த பல் முனை சிக்கியிருந்தது. அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து மூடியிருந்தது. செத்த எலும்பு வளராது. ஆகவே கடிபட்ட விலங்கு தப்பி ஓடிப் பிழைத்திருக்கிறது, கடித்தது உயிருள்ள இரையைத் துரத்தியிருக்கிறது. இதனால் அது செத்ததைத் தொடவில்லை என்று ஆகிவிடாது. இன்றைய சிங்கமும் செத்ததை விடுவதில்லை.

இனிச் சாணத்துக்கு வரலாம். கழிவு கல்லாகும் என்பதை முதலில் கவனித்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் லைம் ரெஜிஸ் கடற்கரையில் புதைபடிவங்களைத் தேடி விற்றுப் பிழைத்த மேரி அன்னிங். கடல் ஊர்வனவான இக்தியோசர்களின் வயிற்றுப் பகுதியில் கிடந்த விந்தையான கற்களை உடைத்தால் உள்ளே மீன் செதிலும் எலும்பும் இருப்பதை அவர் கண்டார். அதை வைத்து வில்லியம் பக்லண்ட் 1829-இல் இவை சாணமே என்று நிறுவி, கொப்ரோலைட் என்று பெயர் வைத்தார். இவற்றுள் ஊனுண்ணிகளின் கழிவே அதிகம் மிஞ்சுகிறது. எலும்பிலிருந்து வரும் பாஸ்பேட் அதை விரைவில் கெட்டிப்படுத்திவிடும். தழை தின்பவற்றின் சாணத்துக்கு அந்த வசதி கிடையாது.

கனடாவின் சஸ்காட்செவானில் கிடைத்து, 1998-இல் கேரன் சின்னும் மற்றவர்களும் விவரித்த சாணக் கல் 44 செ.மீ. நீளமுடையது. அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நொறுங்கிய எலும்பு. அந்தப் பாறையில் அவ்வளவு பெரிய கழிவு போடக்கூடிய ஊனுண்ணி டைரனோசாரஸ் ஒன்றே என்பதால் அதற்கு உரியதாகக் கொண்டார்கள். எலும்பைத் தவிர்த்து இறைச்சியை மட்டும் உரித்துத் தின்னாமல், எலும்போடு நொறுக்கி விழுங்கியது என்பதற்கு இது நேரடிச் சான்று. அதன் கடியின் விசை ஏறத்தாழ 35,000 நியூட்டன் வரை இருந்திருக்கலாம் என்று 2017-இல் வெளியான கணினி மாதிரி தந்த கணக்கோடு இது பொருந்துகிறது. மண்டையோட்டைக் கொண்டு போட்ட கணக்கு அந்தத் தாடையால் என்ன முடியும் என்று சொல்கிறது; சாணம் அது செய்ததைக் காட்டுகிறது.

சின்னின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட விசித்திரமானது. மொன்டானாவில் மயாசாரா என்ற ஹேட்ரோசரின் கூடுகள் நிறைந்த பகுதியில் கிடைத்த சாணக் கற்களில் இலைக்குப் பதில் ஊசியிலை மரத்தின் கட்டைத் துணுக்குகள் நிறைந்திருந்தன. கட்டையில் சத்து ஏது? அந்தத் துணுக்குகளில் பூஞ்சை அரித்து, மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்கிய அடையாளம் இருந்தது. அதாவது விலங்கு தின்றது மக்கிப்போன மரம். யூட்டாவில் கிடைத்து 2017-இல் விவரிக்கப்பட்ட இதே போன்ற மரச் சாணத்தில் நண்டு இனத்தின் ஓட்டுத் துண்டுகளும் இருந்தன. தாவர உண்ணி என்று எல்லாப் பட்டியலிலும் எழுதப்பட்டிருந்த விலங்கு, மக்கிய மரத்துக்குள் ஒளிந்திருந்த ஓட்டுப் பிராணிகளையும் சேர்த்தே தின்றிருக்கிறது. பல்லைப் பார்த்து யாரும் இதை ஊகித்திருக்க முடியாது. முட்டையிடும் காலத்தில் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து தேவைப்படுவதுபோல இதற்கும் தேவைப்பட்டிருக்கலாம் என்ற கருத்து உண்டு. எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது.

கோழி என்றதும் இன்னொன்று. கோழி மணலையும் சிறு கற்களையும் பொறுக்கி விழுங்கி, அரைவைப்பையில் வைத்துத் தானியத்தை அரைக்கிறது. மெல்லவே இயலாத பல் கொண்ட நீண்ட கழுத்து டைனோசர்களின் எலும்புகளோடு வழவழப்பான கற்கள் கிடைத்ததால், அவையும் இப்படித்தான் அரைத்தன என்று நெடுங்காலம் எழுதினார்கள். 2007-இல் பான் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் விங்ஸும் மார்ட்டின் சாண்டரும் நெருப்புக்கோழிப் பண்ணையில் இதைச் சோதித்தார்கள். நெருப்புக்கோழியின் வயிற்றில் உள்ள கல்லின் எடை அதன் உடல் எடையில் ஏறத்தாழ 1 விழுக்காடு. டைனோசர்களோடு கிடைத்த கற்களோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் வெகு குறைவு. மேலும் அரைவைப்பைக்குள் உருளும் கல் சொரசொரப்பாகுமே தவிர வழவழப்பாகாது. ஆகவே அந்தப் பேருருவங்கள் கல்லால் அரைக்கவில்லை. மெல்லாமல் விழுங்கி, வயிற்றில் நெடுநேரம் ஊறவைத்து நுண்ணுயிர்களைக் கொண்டே செரித்திருக்க வேண்டும்.

அப்படிச் செரித்தால் எந்தத் தழையில் எவ்வளவு சத்து கிடைத்திருக்கும்? 2008-இல் யூர்கன் ஹம்மலும் குழுவினரும், அக்காலத்தில் இருந்து இன்றும் வாழும் தாவர வகைகளின் இலைகளை உலர்த்திப் பொடித்து, ஆட்டின் இரைப்பைச் சாற்றோடு கண்ணாடிக் குழலில் அடைத்து, நொதிக்கும்போது வெளிவரும் வாயுவை 72 மணி நேரம் அளந்தார்கள். கால்நடைத் தீவனத்தின் தரம் பார்க்கப் பயன்படும் அதே சோதனைதான். குதிரைவால் செடி எதிர்பாராத அளவுக்கு நல்ல தீவனமாக இருந்தது. நம் பூங்காக்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று வளர்க்கப்படும் அரக்கேரியா மெதுவாக நொதித்தாலும் நேரம் கொடுத்தால் நிறையவே தந்தது. சைகஸும் மரப் பெரணியும் பின்தங்கின. ஓவியங்களில் டைனோசரின் வாயருகே தவறாமல் வரையப்படும் சைகஸ் தீவனமாக அவ்வளவு உயர்ந்ததல்ல.

வேதியியல் வழியும் ஒன்று உண்டு; அதன் வரம்பைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். உடலில் சேரும் கார்பன், கால்சியம் ஆகியவற்றின் ஐசோடோப் விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதம், உணவைப் பொறுத்து மாறும். பல் எனாமலின் கால்சியத்தைக் கொண்டு, வட ஆப்பிரிக்காவின் ஸ்பைனோசர்கள் மீனை நம்பி வாழ்ந்தன என்றும், அதே இடத்தின் மற்ற ஊனுண்ணிகள் நிலத்து இரையைத் தின்றன என்றும் 2018-இல் ஓர் ஆய்வு பிரித்துக் காட்டியது. ஒரு வேளையை அல்ல, நெடுநாள் வழக்கத்தைச் சொல்வது இதன் பலம். ஆனால் கார்பன், டைனோசர் காலத்துத் தாவர உண்ணிகளிடம் அவ்வளவு உதவுவதில்லை. நெல்லும் பெரும்பாலான மரங்களும் ஒரு வகையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, சோளமும் கரும்பும் இன்னொரு வகையில் செய்கின்றன; கார்பன் விகிதம் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டு வகைகளைத்தான். இந்த இரண்டாம் வகை பரவியது டைனோசர்கள் மறைந்து பல கோடி ஆண்டுகள் கழித்தே. பிஸ்துராவின் சாணக் கற்களை 2003-இல் இந்த முறையில் அளந்தபோது முதல் வகைத் தாவரம் என்று மட்டுமே விடை வந்தது. மரமா, புல்லா என்று அது சொல்லவில்லை.

அங்கேதான் பைட்டோலித் உதவிக்கு வந்தது. பொதுவாக இப்படிச் செய்வார்கள்: மேற்பரப்பில் பிற்கால மண் ஒட்டியிருக்கும் என்பதால் கட்டியின் உட்பகுதியை மட்டும் எடுத்து, அமிலத்தில் சுண்ணாம்பையும் உயிர்ப்பொருளையும் கரைத்து, கனமான திரவத்தில் சிலிக்காத் துகள்களை மிதக்கவிட்டுப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பிஸ்துராக் கட்டிகளில் புல்லோடு ஊசியிலை மரம், பனை, இருவித்திலைத் தாவரம் ஆகியவற்றின் துகள்களும் இருந்தன. புல் இருந்தது என்பதே செய்தியாக ஓடியது. ஆனால் உணவைப் பற்றிய முடிவு வேறு. எதிர்ப்பட்டதையெல்லாம் தரம் பிரிக்காமல் தின்ற விலங்கு இது என்றே அவர்கள் எழுதினார்கள். 2011-இல் அதே துகள்களை மேலும் ஆராய்ந்தபோது, அவற்றுள் சில நெல் சார்ந்த புற்குழுவைச் சேர்ந்தவை என்றும், ஆகவே நெல்லின் குலம் கிரெட்டேசியஸ் காலத்திலேயே இங்கு வேரூன்றியிருந்தது என்றும் வாதிட்டார்கள். டைனோசரின் உணவைத் தேடிய ஆய்வு, நெல்லின் பழமையில் போய் முடிந்தது. சீனாவின் கான்சுவில் கிடைத்த எக்விஜுபஸ் என்ற டைனோசரின் பல்லில் ஒட்டியிருந்த புல் துகள்களை 2018-இல் இன்னொரு குழு விவரித்தது. அவை 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. ஆக, பிஸ்துராப் புல் இனித் தனிச் சாட்சி அல்ல.

எதிர்ப்பட்டதைத் தின்றது என்ற முடிவுக்கும் 2025-இல் வெளியிலிருந்து ஓர் ஆதரவு வந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2017-இல் தோண்டி எடுக்கப்பட்டு, ஜூடி என்று செல்லப்பெயர் வைக்கப்பட்ட டயமான்டினாசாரஸின் வயிற்றுப் பகுதியில் தாவரப் படிவம் அடங்கியிருந்ததை ஸ்டீபன் போரோபேட்டும் குழுவினரும் விவரித்தார்கள். நீண்ட கழுத்து டைனோசர் ஒன்றின் வயிற்று உணவு உறுதியாகக் கிடைத்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. அதில் ஊசியிலை மரத்தின் இலை, விதைப் பெரணியின் காய்ப்பகுதி, பூக்கும் தாவரத்தின் இலை எல்லாம் கலந்திருந்தன. இலைகள் துண்டிக்கப்பட்டிருந்தனவே தவிர மெல்லப்படவில்லை. ஜூடியும் டைட்டனோசர் வகையே. ஆனால் அது வாழ்ந்த காலம் பிஸ்துராவுக்கு ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகள் முந்தையது, கண்டமும் வேறு, அதுவும் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு.

எஞ்சி நிற்பது, பிஸ்துராவின் சாணம் உண்மையில் யாருடையது என்ற கேள்வி. அங்கே டைட்டனோசர் எலும்புகள் மிகுதி, கட்டிகள் பெரியவை, உள்ளே இருப்பது தழை. இம்மூன்றையும் சேர்த்துத்தான் அவற்றை டைட்டனோசருக்கு உரியதாக்கினார்கள். சஸ்காட்செவான் கல்லை டைரனோசாரஸுக்குக் கொடுத்த அதே வகைத் தர்க்கம். 2005 கட்டுரையே அந்த விலங்கைச் சாணத்துக்கு உரியதாகச் ‘சந்தேகிக்கப்படும்’ விலங்கு என்றுதான் குறித்தது. பின்னர் எழுதியவர்கள் பலரும் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். அதை நீக்கும் உரிமை வர வேண்டுமானால், லமேட்டாப் பாறையில் கிடக்கும் ஒரு டைட்டனோசரின் விலா எலும்புகளுக்குள் இதே புல் துகள்கள் அகப்பட வேண்டும்.